நுழைவுக் கட்டணம் 12 டாலர்

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் செல்லும் வாசகர்களிடம் ஆண்டுதோறும் தவறாமல் எழுந்துவந்த முணுமுணுப்பு ஒன்று உண்டு. உள்ளே போய்ப் பணம் செலவழிக்கப் போகிறவனிடம் வாசலிலேயே 10 ரூபாய் எதற்கு என்பதே அது. துணிக்கடைக்காரர் கேட்பதில்லை, நகைக்கடைக்காரர் கேட்பதில்லை; அங்கே குளிர்பானம் கொடுத்தல்லவா உட்கார வைக்கிறார்கள்? இதே முணுமுணுப்பை, இதே தர்க்கத்துடன், டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு கவுண்டி மைதானத்து வாசலில் நீண்டிருந்த வரிசையில் கேட்டபோது எங்களுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. தலைக்கு 12 டாலர். கார் நிறுத்த 10 டாலர் தனி. ரொக்கம் மட்டுமே. ரொக்கம் கொண்டுவராதவர்களுக்காக வைத்திருந்த ஏ.டி.எம். இயந்திரம் தன் பங்குக்கு மேலும் 4 டாலர் பிடித்துக்கொண்டது. "சாமான் வாங்க வந்தவனிடம் சாமானைப் பார்ப்பதற்கே காசு கேட்கிறார்கள்" என்று முன்னால் நின்ற பெரியவர் பொதுவாக எல்லோரிடமும் முறையிட்டார். அவர் தோளில் ஒரு ரைஃபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

கன் ஷோ என்று இங்கே சொல்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. துப்பாக்கிக் கண்காட்சி என்றால் கண்ணாடிப் பேழையும் எட்ட நின்று பார்த்தலும் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கிச் சந்தை என்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது. மணப்பாறை மாட்டுச்சந்தையைப் போலத்தான் இதுவும்: இடத்துக்கு வாடகை கொடுத்துச் சரக்கைப் பரப்புகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டில் இருந்த ஒற்றை உருப்படியை ஓட்டிக்கொண்டு வந்து ஆள் பிடிப்பவர்கள் மறுபக்கம். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே துண்டு கிடையாது. ஒரு குச்சியில் சின்னஞ்சிறு காகிதக் கொடி ஒட்டி, அதில் விலையை எழுதி, துப்பாக்கியின் வாயிலேயே செருகிவிடுகிறார்கள். வரிசையில் நின்ற பெரியவரின் குழலிலும் அப்படியொரு கொடி ஆடியது: 600.

நாங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, படித்ததைப் பேசிக் கலையும் ஒரு சிறு கூட்டம். அன்று போனவர்கள் நான்கு பேர். எங்களில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவருடைய தெருவில் மூன்று வீடு தள்ளி ஓர் இரவு பின்கதவை உடைத்துக்கொண்டு திருடர்கள் புகுந்ததிலிருந்து கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்றிருந்தார். அவர் மனைவி மருத்துவமனையில் வாரம் மூன்று இரவு பணிபுரிகிறவர். எட்டு வயதுப் பெண்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரக் கூடாது என்பதைச் சொல்லவே உடன் வந்தார். மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நான்காமவர் எச்-1பி விசாவில் இருக்கும் இளைஞர்; வேடிக்கை பார்க்க வந்தவர். கட்டணம் கொடுத்துப் போகத் தகுமா என்று கூட்டத்தின் மற்ற நண்பர்கள் கேட்டார்கள். அதற்கு ஒரு பத்தியில் பதில் எழுத உட்கார்ந்தோம், இவ்வளவு நீண்டுவிட்டது.

வாசலைக் கடக்கும் முறையே தனி. மேசை போட்டு ஒரு காவலர் அமர்ந்திருக்கிறார். துப்பாக்கி கொண்டுவருகிறவர்கள் அதை அவரிடம் கொடுக்க, அவர் தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விசை இயங்காதபடி மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இழுத்துக் கட்டித் திருப்பிக் கொடுக்கிறார். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத எவரும் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு செல்லலாம். ஆனால் துப்பாக்கிச் சந்தைக்குள் மட்டும் தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு இடமில்லை. மாநிலத்தின் பிற இடங்களுக்கு வேண்டாத முன்னெச்சரிக்கை துப்பாக்கிகளைப் பற்றி மிக நன்றாக அறிந்தவர்கள் கூடும் இடத்துக்கு வேண்டியிருக்கிறது என்பதை அங்கே எவரும் முரணாகக் கருதியதாகத் தெரியவில்லை. புறங்கையில் நீல மை முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே ஏறத்தாழ நானூறு மேசைகள். இது சிறிய சந்தை. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஆண்டுக்கு இருமுறை நடப்பதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகள் உண்டு. நாங்கள் முதல் சுற்றில் ஒரு கணக்கெடுத்தோம். துப்பாக்கி இருந்த மேசைகள் பாதிக்கும் குறைவு. எஞ்சியவற்றில் கத்திகள், தோல் உறைகள், கொடிகள், வசனம் அச்சிட்ட பனியன்கள், உலர்த்திய மாட்டிறைச்சித் துண்டுகள், தேன், மூட்டுவலித் தைலம், வீட்டுச் சன்னல்களை மாற்றித் தரும் ஒப்பந்தக்காரரின் துண்டறிக்கைகள். ஒரு மூலையில் இரண்டாம் உலகப் போர்ச் சின்னங்கள். அவற்றில் ஹிட்லர் படையின் கைப்பட்டைகளும் இருந்தன. விற்றவர் அவற்றை வரலாறு என்றார். சிலவற்றின் நெசவைப் பார்த்தால் அந்த வரலாறு போன ஆண்டு தைக்கப்பட்டது போலிருந்தது. சிற்றிதழ் மனிதர்களான எங்களுக்கு இன்னொரு தொல்லை: மேகசின் என்ற சொல் மேசைக்கு மேசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. எதுவும் படிப்பதற்கானதல்ல.

விலை பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். புதிய துப்பாக்கி வாங்கப் போகிறவருக்கு இந்தக் கட்டணம் தண்டம். நண்பர் மனத்தில் வைத்திருந்தது ஆஸ்திரிய நிறுவனமான கிளாக்கின் 19ஆம் எண் மாதிரி. சந்தையில் அதன் விலை 569 டாலர். அடுத்த வாரம் எங்கள் ஊர்க் கடையொன்றில் 549. விற்பனை வரி இரண்டு இடத்திலும் 8.25 சதவீதம்தான். ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி சந்தையில் 17 டாலர். பெரிய கடைகளில் இரண்டு மூன்று டாலர் குறைவு. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் போனால் சரக்கை மறுபடி வண்டியில் ஏற்ற அலுத்துக்கொண்டு விலையை இறக்குவார்கள் என்கிறார்கள். எங்கள் கண்ணெதிரே ஒருவர் 40 டாலர் இறக்கினார். ஆனால் அதற்குள் நல்ல சரக்கு போய்விடும். பழையதைத் தேடுகிறவர்களின் கதை வேறு. 1891இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட மோசின்-நாகன்ட் ரைஃபிள்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் மரப்பெட்டி பெட்டியாக வந்திறங்கி, ஒன்று நூறு டாலருக்கும் குறைவாகப் போயினவாம். இப்போது ஒரு மேசையில் 450 கேட்டார்கள். "அப்போதே பத்து வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று எங்களிடம் அங்கலாய்த்தவர் பேச்சில், புறநகரில் மனை வாங்கத் தவறிய நம் ஊர்ப் பெரியவர்களின் சுருதி அப்படியே இருந்தது.

இந்தச் சந்தைகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் வாதங்களுக்கெல்லாம் வேர் ஒரு சட்ட நுணுக்கம். அதைப் புரிந்துகொள்ள ஒருமுறை நேரில் பார்ப்பது உதவுகிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் பெற்ற வணிகரை அவருடைய கடை முகவரியோடு கட்டிப்போட்டது. 1986இல் வந்த சட்டம், தம் மாநிலத்துக்குள் நடக்கும் சந்தைகளிலும் அவர் விற்கலாம் என்று அந்தக் கட்டைத் தளர்த்தியது. அதன்பின் சந்தைகள் பெருகின. 1998இல் மட்டும் நாடெங்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தைகள் விளம்பரம் செய்யப்பட்டன என்று ஏ.டி.எஃப். எனப்படும் மத்திய அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கணக்குக் கொடுத்தது. உரிம வணிகர் எங்கே விற்றாலும் படிவம் 4473 எழுதி வாங்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனிமனிதருக்கு மத்தியச் சட்டத்தில் அந்தக் கடமை இல்லை. பல மாநிலங்கள் தாமே அதைக் கட்டாயமாக்கியுள்ளன, டெக்சாஸ் ஆக்கவில்லை.

காகிதத்தில் இதைப் படிப்பது ஒன்று, பார்ப்பது வேறொன்று. ஒரே நடைபாதை. இடப்பக்க மேசையில் ஓர் இளைஞர் முகவரிச் சான்றைக் கொடுத்து, கேள்வி கேள்வியாகக் கட்டத்தில் குறியிட்டு, விற்பவர் சரிபார்ப்பை முடிக்கும் வரை கைகட்டி நிற்கிறார். வலப்பக்கம் நான்கடி தூரத்தில் 600 டாலர்க் கொடி வைத்த நம் பெரியவர், ஒருவரின் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் பார்த்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரைஃபிளைக் கொடுக்கிறார். உரிமத்தைப் பார்ப்பதுகூட வாங்குபவர் டெக்சாஸ்காரர்தானா என்று தெரிந்துகொள்வதற்கே. இருவர் செய்ததும் சட்டப்படி சரி. இடப்பக்க இளைஞர் வலப்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; பிறகு படிவத்துக்குத் திரும்பினார்.

1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் பயன்பட்ட நான்கு துப்பாக்கிகளில் மூன்று, முந்தைய ஆண்டு இறுதியில் டென்வர் அருகே நடந்த ஒரு சந்தையில் இப்படித் தனி விற்பனையாளர்களிடம் வாங்கப்பட்டவை. கொலையாளிகள் சிறார்களாக இருந்ததால், 18 வயது நிரம்பிய ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே கொலராடோ மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர், சந்தையில் எவர் விற்றாலும் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மறுதரப்பின் கையில் ஓர் எண் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது: நீதித்துறை 2016இல் சிறைக் கைதிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 0.8 சதவீதம் பேரே அதைச் சந்தையில் பெற்றதாகச் சொன்னார்கள். தெருவிலும் கள்ளச் சந்தையிலும் பெற்றவர்கள் 40 சதவீதத்துக்கு மேல். ஆனால் கைதி சொல்வது கடைசிக் கை மாறிய இடத்தை. தெருவுக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அடிக்கடி விற்கும் தனியாட்களையும் வணிகராகக் கருத வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. டெக்சாஸ் அரசு வழக்காடி அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடை பெற்றது. அன்று மண்டபத்தில் இதைப் பற்றி நாங்கள் கேட்ட ஐந்தாறு பேரில் ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இரண்டு பேர், அந்த ஓட்டையை அடைத்தாலும் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். ஆனால் அடுத்து எதை அடைப்பார்கள் என்ற பயம் தமக்கு இருப்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

எங்கள் எச்-1பி நண்பரின் நிலைமைதான் விநோதம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நிரந்தரக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. ஒரு மேசையில் கைத்துப்பாக்கியை எடுத்து நீட்டிய விற்பனைப் பெண்மணி, பேச்சுவாக்கில் இவர் விசாவைப் பற்றிச் சொன்னதும், மிகுந்த பணிவோடு அதைத் திரும்ப வைத்துவிட்டார். அதன்பின் அவர் மூன்று மணி நேரமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார், அருங்காட்சியகத்துக்கு அழைத்து வரப்பட்ட பள்ளிச் சிறுவனைப் போல.

இந்தக் கட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்த எதிர்பாராத வரவு ஒன்று உண்டு. பழைய ராணுவத் துப்பாக்கிகள் அடுக்கியிருந்த மேசையில், மற்றவற்றினிடையே சற்றுக் கறுத்த கட்டையோடு ஒன்று கிடந்தது. விலைச்சீட்டில் 'இந்தியன்' என்று எழுதி 475 என்றிருந்தது. கைப்பிடிக்கு மேலே உலோகத்தில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகள், 7.62 என்ற அளவு, 2ஏ1 என்ற மாதிரி எண், 1967 என்ற ஆண்டு. வங்கத்தில் ஹூக்ளி நதிக்கரை இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய ஆங்கிலேய லீ-என்ஃபீல்டின் உடலை உறுதியான எஃகில் வார்த்து, புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி திருத்தி உருவாக்கிய ரகம். ராணுவத்தின் காலாட்படைக்காகக் கைத்தாழ் இழுத்துச் சுடும் அமைப்பில் உலகில் கடைசியாக வடிவமைத்தது இதுதான் என்று சேகரிப்பாளர்கள் பெருமையாகச் சொல்வார்களாம். மேசைக்காரர் எழுபதைக் கடந்தவர். தொழிற்சாலையின் பெயரை எங்களைவிடத் திருத்தமாக உச்சரித்தார். எங்கள் ஊரில் இன்னும் இது புழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இதன் மூத்த உறவான .303 ரகத்துக்கு உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் விடை கொடுத்தது என்று சொன்னதும், அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது.

எங்களுக்கு மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. சிறுவயதில் மாவட்டக் கருவூலத்தின் வாசலிலும், தேர்தல் நாளில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும், ஊர்வலத்தின் ஓரத்திலும் எட்ட நின்று பார்த்த அதே உருவம். அரசு என்றால் என்ன என்று எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது அதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கி வேண்டுமென்று மனுக் கொடுத்து, காவல்துறை விசாரித்து, உரிமம் வாங்கி, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே துப்பாக்கி என்பது எதிரே இருப்பது; இங்கே கையில் இருப்பது. அமெரிக்கர்களோடு இந்தப் பொருளைப் பற்றி நாங்கள் பேசிப் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போவதற்கு இதுவே காரணம் என்று படுகிறது. குடியுரிமை நண்பர் அதைத் தூக்கிப் பார்த்தார். நாலரைக் கிலோ இருக்கும் என்றார். கருவூலக் காவலர்கள் எப்போதும் அதைச் சுவரில் சாய்த்தே வைத்திருந்ததன் காரணம் அன்று புரிந்தது.

யாழ்ப்பாண நண்பர் பெரும்பாலான மேசைகளைத் திரும்பிப் பார்க்காமலே கடந்தார். ஏ.கே. வகைகள் வரிசையாக நின்ற மேசைகளில்கூட அவர் நிற்கவில்லை. அவர் நின்ற ஒரே இடம் சிறுவர் துப்பாக்கிகள் இருந்த மேசை. ஒற்றைத் தோட்டா மட்டும் போடக்கூடிய .22 ரகம், கிரிக்கெட் என்று பெயர். நம் விளையாட்டு அல்ல, சிள்வண்டு. என் முதல் ரைஃபிள் என்பது அதன் விளம்பர வாசகம். நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் கட்டைகள். 2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், தனக்குப் பரிசாக வந்த இதே ரகத் துப்பாக்கி வெடித்ததில் தன் இரண்டு வயதுத் தங்கையை இழந்தான். நண்பர் இளஞ்சிவப்பு நிறத்ததைக் கையில் எடுத்து, எடை எவ்வளவு என்று கேட்டார். இரண்டரைப் பவுண்டு, ஆறு வயதுக் குழந்தையும் பிடிக்கலாம் என்று விற்பவர் விளக்கினார். நன்றி சொல்லி வைத்துவிட்டு வந்துவிட்டார். காரில் திரும்பும்போது, யாரும் கேட்காமல், சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கட வகுப்பில இருந்து போன பெடியன் ஒருத்தன், ஒருநாள் தோளில கொழுவிக்கொண்டு ஒழுங்கை முகப்பில வந்து நிண்டவன். அது அவன்ர முழங்காலுக்குக் கீழ தொங்கினது. அளவா ஒண்டும் அவங்களிட்ட இருக்கேல்ல." அதற்குமேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி, 12 டாலரை நாங்கள் எந்தக் கணக்கில் எழுதினோம் என்பதைச் சொல்ல வேண்டும். இரும்புப் பெட்டிகளும் பூட்டுகளும் விற்கும் ஒரு மேசை, அதிகம் கூட்டமில்லை. மேசைக்காரர் ஓய்வுபெற்ற படைவீரர். கைத்துப்பாக்கி வாங்க வந்திருப்பதாக நண்பர் சொன்னதும், அவர் முதலில் சொன்னது, இன்று வாங்காதீர்கள் என்பது. முதலில் ஒரு வகுப்பில் சேருங்கள், வாடகைத் துப்பாக்கியில் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள், பிறகும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கலாம் என்றார். விற்க வந்தவர் வாங்காதே என்று சொல்வதைக் கேட்டு நண்பரின் மனைவி முதன்முறையாக ஓர் அடி முன்னால் வந்து நின்றார். வீட்டில் குழந்தை உண்டா, என்ன வயது என்று அவர் கேட்டார். எட்டு என்று சொன்னதும், டெக்சாஸ் சட்டப்படி 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது பெரியவரின் குற்றம் என்பதைச் சொல்லிவிட்டு, இன்னொரு கேள்வி கேட்டார்: "உங்கள் பெண் யார் யார் வீட்டில் விளையாடப் போகிறாள்? அந்த வீடுகளில் கேட்டிருக்கிறீர்களா?"

நண்பரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி வரலாமா என்று ஆறு மாதமாக வாதிட்டவர்கள் அவர்கள். பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள். டெக்சாஸ் புறநகரில் ஐந்து வீடுகளில் விளையாடும் குழந்தை என்றால், கணக்கு எவருக்கும் எளிது. குழந்தையை அனுப்புமுன் இதைக் கேட்டுவிடுங்கள் என்று இந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் கேட்பது எப்படி? நாய் இருக்கிறதா, நீச்சல்குளத்துக்கு வேலி இருக்கிறதா, என் பெண்ணுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் சொல்ல நமக்கு நா எழுகிறது. உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பது, உங்கள் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதைப் போல ஒலிக்கிறது. அதற்கும் மேசைக்காரர் வழி சொன்னார்: வேர்க்கடலையையும் நாயையும் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்டுவிடுங்கள், தனியாகக் கேட்டால்தான் குற்றச்சாட்டு. துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான ஆள் ஒருவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். இருபது நிமிடம் பேசினார். ஒரு பொருளும் விற்கவில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் நண்பரின் மனைவி ஐந்து வீடுகளிலும் கேட்டார். இரண்டில் இல்லை. ஓர் ஆசிரியை வீட்டில் இருந்தது. அழைத்துப்போய் இரும்புப் பெட்டியைக் காட்டி, தோட்டா வேறு அறையில் இருப்பதையும் காட்டி, கேட்டதற்கு நன்றி சொன்னார். இன்னொரு வீட்டில் பேச்சை மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் பெண் இப்போது போவதில்லை; அவர்கள் பெண் இங்கே வருகிறாள். ஐந்தாவது வீடு தமிழ்க் குடும்பம். பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் எல்லோருக்கும் முன்னால் வந்து கோலம் போடுகிறவர்கள். அங்கே கேட்கவே வேண்டியதில்லை என்று நண்பர் சொல்லியிருந்தார். மனைவி சம்பிரதாயத்துக்குக் கேட்டார். இருந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் கடைகளெல்லாம் காலியாகி, தெருவே பயந்திருந்த நாட்களில் வாங்கியது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு அந்த அம்மாள் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: பூஜை அறை அலமாரியில், மேல்தட்டில், பட்டுத்துணிக்கு அடியில். குளிக்காமல் பிள்ளைகள் அங்கே கைவைக்க மாட்டார்கள் அல்லவா என்றாராம்.

எங்கள் பெண்ணும் அந்த வீட்டுப் பிள்ளைகளும் நவராத்திரிக்குக் கொலு அடுக்கியது அந்த அறையில்தான்.

இரண்டு மாதம் கழித்து அதே மைதானத்தில் மறுபடி சந்தை கூடியபோது, அந்தத் தமிழ்க் குடும்பத்துத் தலைவர் எங்களோடு வந்தார். இரும்புப் பெட்டி மேசைக்காரரிடமே விரலடையாளத்தில் திறக்கும் பெட்டி ஒன்று வாங்கினார், 140 டாலருக்கு. இணையத்தில் அதையே 15 டாலர் குறைவாக வாங்கியிருக்கலாம். நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்தால் நட்டம் 27 டாலர். கைபேசியில் அந்த விலையைக் காட்டியும் அவர் கேட்கவில்லை. எங்கள் நண்பர் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மனைவியும் சேர்ந்திருக்கிறார், அவரைவிட நன்றாகச் சுடுகிறாராம். பின்கதவுக்குப் புதிய பூட்டும் விளக்கும் போட்டாயிற்று. யாழ்ப்பாண நண்பர் இரண்டாம் முறை வரவில்லை. எச்-1பி நண்பரின் நிரந்தரக் குடியுரிமை அட்டைக்கான வரிசை நகர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வருவதாகச் சொல்கிறார். அவருக்காவது பாதிக் கட்டணம் வாங்கக் கூடாதா என்று வாசலில் கேட்டுப் பார்த்தோம். 12 டாலர்தான் என்றார்கள்.